வி-8ம் டர்போவும் சித்தப்பாவோட டிராக்டரும்

டிஸ்கி: இது முழுக்க முழுக்க எஞ்சின் பதிவு. சினிமா விமர்சனம், கவுஜ எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கங்க. ஆனா வீட்ல டிராக்டரோ அறுவடை மெஷினோ இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்கு விஷயம் இருக்கு.

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. புதுசா வந்தவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: அடியேன் ஊர் குத்தாலம். அருவி இருக்கிற குற்றாலம் இல்லைங்க. மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, காவிரிக்கரையில இருக்கிற குத்தாலம். (இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்லை. "ஊர்ல சீசன் ஆரம்பிச்சிடுச்சா?"ன்னு கேட்பாங்க. எங்களுக்கு சீசன்னா குறுவை, சம்பா, தாளடி மட்டும்தான்.) படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர். பகல் பூரா கோடு எழுதிட்டு, ராத்திரி படுக்கும்போது எஞ்சின் வீடியோ பார்க்கலைன்னா தூக்கம் வராது.

அந்த வீடியோக்கள்ல ஒரு வகை உண்டு. அமெரிக்காவுல ஒருத்தர் காயலான் கடைக்குப் போவார். அடிபட்ட பழைய பிக்கப் வண்டியிலேருந்து ஒரு வி-8 எஞ்சினைக் கழட்டிட்டு வருவார். பெருசா எதுவும் பிரிச்சு மாத்த மாட்டார். ஒரு டர்போவை மாட்டி, பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் பெருசாக்கி, கம்ப்யூட்டர்ல டியூன் பண்ணி, ஆக்சிலரேட்டரை அமுக்குவார். கம்பெனியிலேருந்து வந்தப்ப 280 குதிரை இருந்த எஞ்சின் 600, 700, 800னு ஏறிக்கிட்டே போகும். "எப்ப வெடிக்கும்?" அப்படிங்கறதுதான் மொத்த வீடியோவுக்கும் சஸ்பென்ஸ்.

இந்தப் பதிவும் அதே கேள்விதான். ஆனா நான் அதை வேற இடத்துக்குக் கொண்டு போகப் போறேன்.

*

முதல்ல பேசிக்ஸ். தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

எஞ்சினுக்குப் பலம் பெட்ரோல்ல இருக்குன்னு நாம நினைக்கிறோம். உண்மையில தட்டுப்பாடு எப்பவுமே காத்துக்குத்தான். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்கா எரியணும்னா கிட்டத்தட்ட 14.7 கிலோ காத்து வேணும். பெட்ரோலை எவ்வளவு வேணாலும் ஊத்தலாம். காத்தை எஞ்சின் தானா மூச்சு இழுக்கிற அளவுக்குத்தான் உள்ளே அனுப்ப முடியும். அந்தக் காத்தை அமுக்கித் திணிச்சா அதே சைஸ் எஞ்சினுக்கு ரெண்டு மடங்கு சாப்பாடு போடலாம். அமுக்குறதுக்குச் சக்தி எங்கேருந்து? சைலன்சர் வழியா வீணா போற சூடான புகையிலேருந்து. எரிபொருளோட சூட்டில் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அப்படித்தான் வெளியே போகுது. அந்தப் புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும், அதே தண்டுல மறுபக்கம் இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை உள்ளே தள்ளும். அவ்வளவுதான் டர்போ.

இதை யோசிச்சவர் ஆல்ஃபிரட் பூஷின்னு ஒரு சுவிஸ் இன்ஜினியர். 1905-ல் காப்புரிமை. ஆனா பிரயோஜனமா ஓட 1920-கள் ஆயிடுச்சு. ரெண்டு ஜெர்மன் பயணிகள் கப்பலோட டீசல் எஞ்சின்களை 1,750 குதிரையிலேருந்து 2,500-க்கு ஏத்திக் காட்டினார். ஐடியாவுக்கும் ஓடுற மெஷினுக்கும் நடுவுல இருபது வருஷம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

வி-8ல் டர்போ போட்டு ஷோரூம்ல வித்த முதல் கார் 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். 3.5 லிட்டர் அலுமினிய வி-8, 215 குதிரை. கம்ப்ரஷன் ரேஷியோ 10.25. டர்போ போட்ட பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தக் காலத்துல இது ரொம்ப அதிகம். அவ்வளவு அழுத்தத்துல பெட்ரோல் கலவை ஸ்பார்க்குக்குக் காத்திருக்காம தானே டமார்னு பத்திக்கும். நாக்கிங்னு சொல்றோமே, அதான். அதைத் தடுக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கில் ஊத்தி, பூஸ்ட் ஏறும்போது எஞ்சினுக்குள்ள பீச்சினாங்க. பேரு "டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்". பேருக்காகவே வாங்கலாம் :-) ஆனா ஓனர்கள் அதை ஊத்த மறந்தாங்க. டேங்க் காலியானா பூஸ்டைக் குறைக்க ஒரு ஏற்பாடும் இருந்துச்சு. அப்ப "வண்டி இழுக்கலை"ன்னு புகார். ரெண்டு வருஷத்துல, 1963-ஓட நிறுத்திட்டாங்க. வித்தது பத்தாயிரத்துக்கும் குறைவு.

இதுல பாருங்க, எஞ்சின் டிசைன் பண்ணவர் கணக்கு சரியாத்தான் போட்டிருக்கார். ஆனா அந்தக் கணக்குல "ஒருத்தர் மாசாமாசம் திரவம் ஊத்துவார்"னு ஒரு வரி இருக்கு. அந்த வரிதான் புட்டுக்கிச்சு.

*

இப்ப வீடியோ ஆளுங்களோட செல்லப் பிள்ளைக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களோட கடைசியில கொண்டு வந்த எல்.எஸ். குடும்பம். அதுலேயும் பிக்கப் வண்டிகளுக்குப் போட்ட 5.3 லிட்டர் வி-8. வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டர் விட்டம் 96 மி.மீ., ஸ்ட்ரோக் 92 மி.மீ. கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கிற ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் ஆறு போல்ட்: நாலு கீழேருந்து, ரெண்டு பக்கவாட்டுல. கீழ்ப்பக்கம் கோட்டை மாதிரி கட்டியிருப்பாங்க. லட்சக்கணக்குல தயாரானதால எந்தக் காயலான் கடையிலேயும் கிடைக்கும்.

அப்ப எது முதல்ல போகும்? வரிசையாப் பார்ப்போம்.

முதல்ல பிஸ்டன் ரிங். யாரும் எதிர்பார்க்காத இடம். ரிங் ஒரு முழு வட்டம் இல்லை, ஒரு இடத்துல சின்ன இடைவெளி விட்டு வெட்டியிருப்பாங்க. சூட்டில் ரிங் நீளும், அந்த இடைவெளி குறையும். சாதாரண ஓட்டத்துக்கு 0.4 மி.மீ. மாதிரி விட்டிருக்கும். பூஸ்ட் ஏத்தினா சூடு எகிறும், ரிங் நீண்டு ரெண்டு முனையும் முட்டிக்கும். முட்டின பிறகும் நீள இடம் கேட்கும். இடம் இல்லை. பிஸ்டன்ல ரிங் உட்காருற விளிம்பையே பிச்சுக்கிட்டு வந்திடும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க எஞ்சினைப் பிரிச்சு ரிங் முனையை அரத்தால ராவி இடைவெளியை 0.6 மி.மீ. சுமாருக்குக் கொண்டு வருவாங்க. செலவு ஒண்ணும் இல்லை, ஒரு சனிக்கிழமைதான்.

ரெண்டாவது பிஸ்டன். கம்பெனி பிஸ்டன் வார்ப்பு அலுமினியம், சிலிக்கான் அதிகம் கலந்தது. நல்லா உழைக்கும், ஆனா அடி தாங்காது. நாக்கிங் ஒரு சுத்தியல் அடி மாதிரி. நாலு அடி சரியா விழுந்தா கதை முடிஞ்சுது.

மூணாவது கனெக்டிங் ராடு. ராடுக்கு ரெண்டு வித வேதனை. ஆர்.பி.எம். ஏற ஏற பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது ராடைப் பிடிச்சு இழுக்கும். பூஸ்ட் ஏற ஏற எரியிற வாயு ராடைக் கீழே அமுக்கி வளைக்கப் பார்க்கும். ஒரு கணக்கு: 96 மி.மீ. பிஸ்டன் தலையோட பரப்பு சுமார் 72 சதுர செ.மீ. உள்ளே உச்ச அழுத்தம் 100 பார்னு வச்சுக்கிட்டா ஏழு டன்னுக்கு மேல. நெல் ஏத்தின லாரி ஒண்ணு ஒரு கை நீள ராடு மேல நிக்குது, ஒரு நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை.

அப்புறம் ஹெட் கேஸ்கட், ஹெட்டை அமுக்கிப் பிடிச்சிருக்கிற போல்ட். இந்த எஞ்சின்ல ஒவ்வொரு சிலிண்டரைச் சுத்தியும் நாலு போல்ட்தான். எல்லாம் தாங்கினாலும் பின்னாடி இருக்கிற கியர் பாக்ஸ் தாங்காது. அந்த பிக்கப்ல வர்ற சாதா ஆட்டோமேட்டிக் பெட்டியோட பரிதாப நிலைமையை வச்சே தனிப் பதிவு போடலாம்.

இத்தனையும் மீறி, ஒரு அமெரிக்கப் பத்திரிகை இதே குடும்பத்து 4.8 லிட்டர் எஞ்சினை, பிஸ்டன், ராடு, கிராங்க்கை மாத்தாம, ரிங் இடைவெளியைக் கூட்டி, ரெட்டை டர்போ போட்டு டைனோவில் ஆயிரம் குதிரைக்கு மேல எடுத்துக் காட்டிச்சு. நிஜம்தான். நானும் வாயைப் பிளந்துட்டுத்தான் பார்த்தேன்.

இன்ஜினியர்கள் எஞ்சின்களை ஒப்பிட ஒரு எண் வச்சிருக்காங்க. பிஸ்டன் தலை மேல ஒரு வேலை ஸ்ட்ரோக் முழுக்க சராசரியா எவ்வளவு அழுத்தம் வேலை செஞ்சதுன்னு. எஞ்சின் பெருசா சின்னதாங்கறது இதுல அடிபட்டுப் போயிடும். கம்பெனியிலேருந்து வர்ற 5.3-க்கு இது சுமார் 10 பார். அதே எஞ்சின் 6,500 ஆர்.பி.எம்.ல ஆயிரம் குதிரை கொடுத்தா சுமார் 26 பார். ரெண்டரை மடங்கு!

அப்ப கம்பெனிக்காரன் ரெண்டரை மடங்கு பலத்தை ஒளிச்சு வச்சுட்டு நம்மளை ஏமாத்துறானா?

*

இங்கேதான் நம்ம ஊரு வி எஞ்சினைக் கூப்பிடணும்.

கொசுவத்தி சுத்தறேன்னு நினைக்காதீங்க. நான் பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல எங்க மெயின் லைன்ல டீசல் எஞ்சின்தான். (இப்ப கரண்ட்.) ஸ்டேஷன்ல நின்னுட்டுக் கிளம்பும்போது குபுக்குனு கறுப்பா ஒரு புகை விடும் பாருங்க, அதுக்கும் டர்போதான் காரணம். டிரைவர் கைப்பிடியை ஏத்தின உடனே டீசல் வந்திடும். ஆனா டர்போ சக்கரம் வேகம் பிடிச்சுக் காத்தைத் தள்ள சில வினாடி ஆகும். அந்த இடைவெளியில காத்து பத்தாம அரைகுறையா எரிஞ்ச டீசல்தான் அந்தப் புகை.

அந்த எஞ்சின் அமெரிக்க ஆல்கோ கம்பெனியோட 251 வகை. 1962-ல் இறக்குமதியாகி, 1964-லேருந்து வாரணாசியில நாமே செய்ய ஆரம்பிச்ச டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சினுக்குள்ள இருந்தது இதோட 16 சிலிண்டர் வி வடிவம். மீட்டர் கேஜ் காலத்துல டெல்டா பக்கம் ஓடின ஒய்.டி.எம்.-4-க்குள்ள அதே குடும்பத்து ஆறு சிலிண்டர். திருச்சி பொன்மலை ஷெட்ல ரெண்டையும் பராமரிச்சிருக்காங்க. ஒரு சிலிண்டர் விட்டம் ஒன்பது அங்குலம், ஸ்ட்ரோக் பத்தரை அங்குலம். ஒரு சிலிண்டர் மட்டும் கிட்டத்தட்ட 11 லிட்டர்! பதினாறும் சேர்ந்து 175 லிட்டர். பிஸ்டன் தலைப் பரப்பு 410 சதுர செ.மீ. இதுலேயும் 100 பார்னு கணக்குப் போட்டா ஒவ்வொரு ராடு மேலேயும் நாற்பது டன்னுக்கு மேல.

டபிள்யூ.டி.எம்.-2 கொடுத்தது 2,600 குதிரை, 1,000 ஆர்.பி.எம்.ல. 1990-கள்ல அதே வடிவ எஞ்சினை 3,100 குதிரைக்கு ஏத்தினாங்க. அதுதான் பின்னாடி டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆச்சு. பஞ்சாப்ல பாட்டியாலாவில் இருக்கிற ரயில்வே தொழிற்சாலையில பழைய எஞ்சின்களையும் பிரிச்சு இப்படி ஏத்தினாங்க. அப்புறம் 3டி-யில 3,300.

கவனிங்க. முப்பது வருஷத்துல கூட்டினது 500 குதிரை. வெறும் 19 சதவீதம்.

அந்த 19 சதவீதத்துக்கு என்னென்ன மாத்தினாங்கன்னு பாருங்க. இன்னும் திறமையான டர்போ. டர்போ அமுக்கின காத்து சூடாயிடும்ல, அதைக் குளிர வைக்க பெரிய ஆஃப்டர்கூலர். டீசல் பம்ப்போட பிளஞ்சர் 15 மி.மீ.லேருந்து 17 மி.மீ. தலைப்பக்கம் இரும்புத் தொப்பி போட்ட பிஸ்டன். வால்வு நேரம் மாத்தின, இன்னும் கெட்டியான கேம் ஷாஃப்ட். ஆர்.பி.எம். 1,000-லேருந்து 1,050. நான் உட்கார்ந்து அந்தச் சராசரி அழுத்தத்தைக் கணக்குப் போட்டேன்: 2,600-ல் 13.3 பார், 3,100-ல் 15.1 பார். அதாவது அழுத்தத்தைக் கூட்டினது 13, 14 சதவீதம்தான். மீதி ஆர்.பி.எம்.

அங்கே காயலான் கடை எஞ்சின் ஒரே வார இறுதியில 10-லேருந்து 26-க்குத் தாவுது. இங்கே அத்தனை பாகத்தை மாத்தி 13.3-லேருந்து 15.1. ரயில்வேக்காரங்களுக்குத் தைரியம் இல்லையா?

தைரியம் இருக்கு. அவங்க எண்ற எண் வேற.

*

டிராக் ரேஸ்ல ஒரு ஓட்டம் பத்து வினாடி. 6,500 ஆர்.பி.எம்.னு வச்சுக்கங்க. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி. அப்ப ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 3,250. பத்து வினாடிக்கு சுமார் 540 வெடி. அவ்வளவுதான். அப்புறம் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து ஆற வைப்பாங்க.

ஒரு டிராக்டர் 2,000 ஆர்.பி.எம்.ல சேத்துழவு ஓட்டுது. ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 1,000 வெடி. மணிக்கு 60,000. பத்து மணி நேரம் ஓடினா ஆறு லட்சம். நாற்பது நாள் குறுவை சீசனுக்கு ரெண்டு கோடியே நாற்பது லட்சம்.

540 எங்கே, 2.4 கோடி எங்கே.

உலோகத்துக்குன்னு ஒரு குணம் இருக்கு. ஒரு தடவை தாங்கற சுமையை கோடி தடவை தாங்காது. கம்பியை முன்னும் பின்னும் வளைச்சு ஒடிக்கிறோமே, அதேதான். இதைக் கண்டுபிடிச்சதும் ரயில்வே ஆள்தான். 1850, 60-கள்ல ஆகஸ்ட் வோலர்ங்கிற ஜெர்மன்காரர், ரயில் அச்சுகள் ஏன் நல்லா இருக்கும்போதே திடீர்னு முறியுதுன்னு வருஷக்கணக்குல சோதனை போட்டார். சுமையைக் குறைச்சுக்கிட்டே போனா இரும்பு ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை கோடி தடவை வேணாலும் தாங்குது. அந்த எல்லைக்கு மேல போனா ஆயுள் எண்ணப்படுதுன்னு காட்டினார். காலேஜ்ல எஸ்-என் கர்வ்னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதுதான் மக்கா. அலுமினியத்துக்கு அந்தத் தெளிவான எல்லைகூட இல்லை. பிஸ்டன் எதுல செய்யறாங்கன்னு மேலே சொல்லியிருக்கேன்.

சுமையை பத்து சதவீதம் கூட்டினா ஆயுள் பத்து சதவீதம் குறையும்னு நினைச்சா தப்பு. அந்தக் கோடு செங்குத்தா விழும். பாதியாகலாம், பத்துல ஒண்ணாகலாம்.

ஆக, அமெரிக்காக்காரரும் பொய் சொல்லலை, ரயில்வேக்காரரும் பயந்தாங்கொள்ளி இல்லை. ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துலேருந்துதான் அள்ளுறாங்க. ஒருத்தர் அண்டாவோட கவுக்கிறார், ஒருத்தர் ஸ்பூன் போட்டு முப்பது வருஷம் சாப்பிடுறார். "இந்த எஞ்சின் எவ்வளவு தாங்கும்?"னு யாராவது கேட்டா, "எத்தனை நாளைக்கு?"ன்னு திருப்பிக் கேட்கணும்.

*

இப்ப நான் ஏன் இவ்வளவு நேரம் இதை எழுதிட்டு இருக்கேன்?

போன வருஷம் குறுவைக்கு முன்னாடி சித்தப்பா போன் பண்ணார்.

"ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே படிச்ச? ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சித்தப்பா."

சித்தப்பாகிட்ட ஒரு டிராக்டர் இருக்கு. 50 குதிரை, மூணு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. சித்தியோட நகையை அடகு வச்சு, மிச்சத்துக்கு லோன் போட்டு வாங்கினது. சொந்த நிலம் கொஞ்சம்தான். வாடகை உழவுதான் வருமானம். தங்கச்சி நர்சிங் படிக்கிறா, அந்த ஃபீஸும் இதுலேருந்துதான். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் டர்போ டிராக்டரும் ஏழடி ரொட்டவேட்டரும் இறக்கிட்டார். சேத்துல விட்டா சும்மா பறக்குது. ஆத்துல தண்ணி வந்த பத்து நாளைக்குள்ள எல்லாருக்கும் உழவு வேணும், எவன் சீக்கிரம் முடிக்கிறானோ அவனுக்குத்தான் போன். சித்தப்பா வண்டி ஆறடி ரொட்டவேட்டருக்கே முக்குது.

ஒரு மெக்கானிக் யோசனை சொல்லியிருக்கார். காயலான் கடையிலேருந்து டர்போ ஒண்ணு எடுத்து மாட்டிடலாம், பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி விட்டா பத்துப் பதினஞ்சு குதிரை கூடும், இருபதாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம்னு.

"வேணாம் சித்தப்பா"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். அவர் விடலை.

"ஏன் வேணாங்கறே? இதே எஞ்சினைத்தான் அவன் டர்போ போட்டு வேற பேர்ல விக்கிறான். அப்ப இதுல மிச்சம் வச்சிருக்கான்ல? அந்த மிச்சம் யாருக்குய்யா?"

நியாயமான கேள்வி. வீடியோ பார்க்கிறவன் எவனும் கேட்காத கேள்வி. அந்த சனிக்கிழமை ஊருக்குப் போய், களத்துமேட்டுல உட்கார்ந்து விலாவாரியாப் பேசினோம்.

டர்போ மாடல்னு விக்கிறப்ப பிளாக் ஒண்ணாவே இருக்கலாம். ஆனா பொதுவா உள்ளே பிஸ்டன் வேற. கம்ப்ரஷன் குறைச்சிருப்பாங்க. முதல் ரிங் உட்காருற இடத்துல இரும்பு வளையம் பதிச்சிருப்பாங்க. பிஸ்டனுக்கு அடியில எண்ணெயைப் பீச்சிக் குளிர வைக்க ஜெட் இருக்கும். ஆயில் பம்ப், ரேடியேட்டர் பெருசு. கிளட்ச்சும் அதுக்கேத்த மாதிரி. வெளியே தொங்குற டர்போ மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். ரயில்வே 19 சதவீதத்துக்கு எத்தனை பாகம் மாத்துச்சுன்னு சொன்னேன். மெக்கானிக் 20, 30 சதவீதம் சொல்றார், மாத்தறது ஒண்ணுமே இல்லை.

அப்புறம் அந்த மிச்சம் யாருக்கு? வெயில் 40 டிகிரி அடிக்கிற மத்தியானத்துக்கு. வைக்கோல் தூசி அடைச்ச ரேடியேட்டருக்கு. தண்ணி செக் பண்ணாம சாவியைத் திருகுற டிரைவர் பையனுக்கு. கேஜ் வீல் சேத்துல புதைஞ்சு, எஞ்சின் திணறி நிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துக்கு. டிசைன் பண்ணவன் சித்தப்பாவைப் பார்த்ததில்லை, குத்தாலத்தைப் பார்த்ததில்லை. ஆனா இப்படி ஒரு நாள் வரும்னு தெரிஞ்சு அந்த மிச்சத்தை வச்சிருக்கான். அதை மெக்கானிக் இன்னைக்கே எடுத்துச் செலவு பண்ணச் சொல்றார். சீசன் நடுவுல ஹெட் கேஸ்கட் போனா வண்டி மட்டும் நிக்காது. லோனும் தங்கச்சி ஃபீஸும் நிக்கும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, அப்ப ஏன் இது முக்குது, அதைச் சொல்லு"ன்னார்.

அதுதான் சரியான கேள்வி. ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டிட்டு இறங்கினோம். ஏர் ஃபில்டர் கிண்ணத்துல எண்ணெய்க்குப் பதிலா சேறு. சம்பா அறுவடைத் தூசி மொத்தமும் அங்கேதான் இருந்துச்சு. ரேடியேட்டர் இடுக்கு பூரா வைக்கோல் துகள். டீசல் ஃபில்டர் மாத்தி யுகமாச்சு. நாசிலையும் பம்ப்பையும் கழட்டி மாயவரத்துல பம்ப் ரூமுக்குக் கொண்டு போனோம். ஒரு நாசில் பீச்சவே இல்லை, ஒழுகிச்சு. அதாவது ரெண்டே முக்கால் சிலிண்டர்ல ஓடிட்டு இருந்த வண்டிக்கு டர்போ போடச் சொல்லியிருக்காங்க! காத்தே உள்ளே வராத எஞ்சின்ல டீசலை மட்டும் ஏத்தியிருந்தா கறுப்புப் புகையும் சூடும்தான் கூடியிருக்கும்.

எல்லாம் முடிக்க, டர்போவுக்குச் சொன்ன தொகையில பாதிகூட ஆகலை. வண்டி இழுத்துச்சு. "புது வண்டி மாதிரி ஆயிடுச்சா?"ன்னு கேட்டேன். "புதுசெல்லாம் இல்லை, வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிடுச்சு"ன்னார். அளந்து பேசற மனுஷன்.

இதுல சினிமா முடிவு எதுவும் இல்லை. ஏழடி ரொட்டவேட்டர்காரருக்குத்தான் இன்னமும் முதல் போன் போகுது. பெரிய நிலத்துக்காரங்க ரெண்டு பேர் அந்தப் பக்கம் போயிட்டாங்க. சித்தப்பாவுக்கு வந்தது சின்னச் சின்ன வயல்கள், வரப்பு ஓரம், பெரிய வண்டி திரும்ப முடியாத இடங்கள். ஆனா சீசன் முடியிற வரைக்கும் ஒரு நாள்கூட வண்டி நிக்கலை. லோன் தவணை மூணும் தேதிக்குக் கட்டியாச்சு. சித்தி வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு. இந்தத் தை மாசம் மீட்கணும்னு பேச்சு.

நான் இன்னமும் ராத்திரி வி-8 வீடியோ பார்க்கிறேன். போன வாரம்கூட ஒருத்தர் 900 குதிரை எடுத்தார், பத்தாவது ஓட்டத்துல ராடு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளியே வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே "அடுத்த எஞ்சின் எடுத்துட்டு வரேன்"னு கிளம்பிட்டார். அவருக்குக் காயலான் கடை பக்கத்துலேயே இருக்கு.

பி.கு.: கம்பெனியே டர்போ போட்டுக் கொடுத்த டிராக்டர், அறுவடை மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டர்போ சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேலகூடச் சுத்தும், பழுக்கக் காய்ஞ்சிருக்கும். பாரம் இழுத்து வந்த உடனே சாவியைத் திருகி நிறுத்திட்டா எண்ணெய் ஓட்டம் நின்னு, உள்ளே இருக்கிற எண்ணெய் கரியாப் போயிடும். ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விட்டு அப்புறம் நிறுத்துங்க. கிளப்பும்போதும் உடனே ஆக்சிலரேட்டரை ஏத்தாதீங்க, எண்ணெய் மேலே ஏறட்டும். ஏர் ஃபில்டரை, அறுவடைக் காலத்துல, தினம் பாருங்க. காசு செலவில்லாத குதிரை அங்கேதான் இருக்கு :-)